தழும்பும் சான்றும்: சிங்கப்பூர்ப் போரில் காயமுற்ற தமிழரின் இழப்பீட்டு உரிமை

புறநானூற்றின் 278-ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் முதிய தாயொருத்தியைக் காட்டுகிறார். அவள் மகன் படைகண்டு அஞ்சிப் புறமுதுகிட்டான் என்று பலர் கூறுகின்றனர். அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று சினந்தெழும் அவள், வாளேந்திக் களம் புகுந்து, கிடக்கும் பிணங்களைப் புரட்டிப் பார்க்கிறாள். வகுப்பறையில் இப்பாடலைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் அவளது மறவுணர்வையே விதந்து பேசுகிறோம். அவள் செய்யும் செயல் ஒரு விசாரணையும் ஆகும். ஊரார் கூற்று ஒருபுறம், மகனின் உடல் மறுபுறம் என்ற நிலையில் அவள் உடலையே சான்றாக ஏற்கிறாள். புண் எங்கே இருக்கிறது என்பதே அங்குத் தீர்ப்பாகிறது.

வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத பெருஞ்சேரலாதன் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்ததும் இத்தகைய வாசிப்பின் விளைவேயாகும். விழுப்புண் படாத நாள்களை வீண்நாள்களாகக் கணக்கிடும் வீரனைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் காட்டுகிறது. இலக்கியம் புகழாக வைத்ததைக் கல்வெட்டு நிலமாக வைத்தது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் ‘நெய்த்தோர்பட்டி’ என்றும், பிற்காலக் கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’, ‘இரத்தக்காணிக்கை’ என்றும் வரும் சொற்கள், ஊருக்காகவோ அரசுக்காகவோ குருதி சிந்தியவரின் குடும்பத்திற்கு விடப்பட்ட கொடையைக் குறிப்பனவாகும். இவற்றை இக்காலச் சொல்லில் இழப்பீடு எனலாம்.

இம்மரபை உடைய தமிழர், 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அதற்கப்பாலும் பெற்ற காயங்களுக்கு எந்த உதிரப்பட்டியைப் பெற்றனர்? இக்கட்டுரை இவ்வினாவை இரு பிரிவினரை முன்வைத்து ஆராய முற்படுகிறது. சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தொழிலாளர் ஒரு பிரிவினர். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த பொதுமக்கள் மற்றொரு பிரிவினர். இரு பிரிவினரிடமும் தழும்பு இருந்தது. அதைப் படிக்கக் கடமைப்பட்ட அலுவலகந்தான் இல்லை.

தழும்பை அளக்கும் சட்டம்

இருபதாம் நூற்றாண்டின் இழப்பீட்டுச் சட்டங்கள் உடலை விழுக்காடுகளாகப் பிரித்தன. 1923-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் முதல் அட்டவணையில் முழங்கைக்கு மேல் வலக்கையை இழந்தவனுக்கு 70 விழுக்காடும், இடக்கையை இழந்தவனுக்கு 60 விழுக்காடும், கட்டைவிரலை இழந்தவனுக்கு 25 விழுக்காடும் உழைப்பாற்றல் குறைந்ததாகக் கணக்கிட்டது. அந்த அட்டவணையில் தழும்புக்கு இடமில்லை. உறுப்பு இல்லாமற் போனால் விலை உண்டு. இருக்கும் உறுப்பு உருக்குலைந்து போனால் அட்டவணை அமைதி காத்தது.

போர்வீரர் சட்டங்கள் இதனைக் கடந்து சென்றன. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்க்கான ஊன மதிப்பீட்டு விதிகள் தழும்பைத் தனி ஊனமாகவே வகைப்படுத்துகின்றன. 2008-இல் திருத்தப்பட்ட அவ்விதிகளின்படி, வலிக்கும் தழும்போ, மேல்தோல் அடிக்கடி பிரியும் நிலையற்ற தழும்போ ஒன்றிரண்டு இருந்தால் 10 விழுக்காடும், மூன்று நான்கு இருந்தால் 20 விழுக்காடும், ஐந்தோ மேற்பட்டோ இருந்தால் 30 விழுக்காடும் வழங்கப்படும். முகத்துத் தழும்புக்கு அதன் நீளம், அகலம், நிறமாற்றம் முதலிய எட்டு இயல்புகள் பார்க்கப்படுகின்றன. 1994-இல் எஸ்தெபான் என்ற வீரரின் மேல்முறையீட்டில், ஒரே முகக்காயத்தால் நேர்ந்த உருக்குலைவு, தழும்பின் வலி, தசைச்சேதம் ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிட வேண்டுமென்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓரங்குலத் தழும்புக்காகவும் ஆண்டுக்கணக்கில் வழக்காடலாம் என்ற நிலை அங்கு உண்டு.

பிரிட்டன் 1943-இல் ஓய்வூதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பாயச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் வந்த அரச ஆணை, காயம் படைப்பணியால் நேர்ந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையை வீரன் தோளிலிருந்து இறக்கி, ஐயத்தின் பயனை அவனுக்கே அளித்தது. 1947-இல் மில்லர் வழக்கில் நீதிபதி டென்னிங் இக்கொள்கையைத் தெளிவுபடுத்தினார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரன், தாயகம் மீண்டபோது இச்சட்டத்தின் நிழலில் நின்றான். அந்த 1943-ஆம் ஆண்டிலேதான் சயாம் காடுகளில் தமிழ்த் தொழிலாளர் மாண்டுகொண்டிருந்தனர்.

சயாம் புண்

தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் உழைத்தனர்; அவர்களுள் 12,000-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஆசியத் தொழிலாளரின் தொகை குறைந்தது 180,000 என்பர். அவர்களுள் இறந்தோர் 90,000 வரை இருக்கலாமென்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்ற 70,000-க்கு மேற்பட்டோருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். கைதிகளின் சாவைப் படைப்பதிவேடுகளைக் கொண்டு ஆயிரக்கணக்கில் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. தொழிலாளரின் சாவையோ பத்தாயிரக்கணக்கில் ஊகிக்க வேண்டியுள்ளது. பின்னர் நிகழ்ந்தவை அனைத்திற்கும் இவ்வேறுபாடே அடிப்படை.

அக்காட்டில் காலரா கொன்றவர் பலர். உயிர் மீண்டவரின் உடலில் அடையாளமாக நின்றது வெப்பமண்டலப் புண்ணாகும். மூங்கில் முள்ளின் சிறு கீறலில் அது தொடங்கும். ஊட்டமில்லாத உடலில் சில நாள்களுக்குள் கணைக்காற் சதை அழுகிக் கணைக்கால் எலும்பு வெளித்தெரியும். முகாம் மருத்துவமனைகளில் மருந்தில்லாத நிலையில், தீட்டிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டியெடுத்தனர். அதுவும் பயன்படாதபோது காலையே துண்டித்தனர். 1943-இல் சாங்கியிலிருந்து ‘கே’ படை, ‘எல்’ படை என்ற பெயர்களில் கைதிகளான மருத்துவர்களும் உதவியாளர்களும் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்த நிலைமை பற்றிய எழுத்துச் சான்றுகள் பெரிதும் அவர்கள் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. தமிழரின் புண் ஆங்கிலேய, ஆஸ்திரேலிய மருத்துவர்களின் குறிப்புகளில் வாழ்கிறது.

ஆறிய புண் மெல்லிய தாளைப்போல் பளபளக்கும் வட்டத் தழும்பாகும். அதன்மீது தோல் எளிதிற் கிழியும், மீண்டும் புண்ணாகும். நெடுங்காலம் ஆறாது நிற்கும் அத்தகைய இடத்தில் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு என்பது மருத்துவ நூல்கள் கூறும் செய்தி. மேலே கண்ட அமெரிக்க விதியில் ‘நிலையற்ற தழும்பு’ என்று கூறப்படுவது இத்தகையதே.

இவ்விடத்தில் ஒரு நினைவைக் குறிப்பிடலாம். என் சிறுவயதில் ஃபேரர் பார்க்கை அடுத்த எங்கள் அடுக்குமாடியில் இரவுக் காவலராக இருந்த முதியவர் ஒருவர் எப்போதும் சாரத்தைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டியிருப்பார். படியில் அமர்ந்து எண்ணெய் தடவும்போது மட்டும் கணைக்காலில் ஐம்பது காசு நாணயத்தைவிடப் பெரிய பளபளப்பான வட்டம் தெரியும். ‘என்ன தாத்தா இது?’ என்று கேட்டால் ‘சயாம்’ என்று ஒரே சொல்லில் விடையளிப்பார். சயாம் என்பது ஒரு நோயின் பெயர் என்றே நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

யாருக்குப் பணம் சென்றது?

போர் முடிந்தபின் பணம் வராமலில்லை. 1946-இல் இரயில் பாதையின் தாய்லாந்துப் பகுதி அந்நாட்டு அரசுக்கு 1.25 மில்லியன் பவுனுக்கு விற்கப்பட்டது. மலாயா, பர்மா, டச்சுக் கிழக்கிந்தியா ஆகிய நாடுகளின் இரயில் துறைகளிடமிருந்து ஜப்பானியர் பறித்துச் சென்ற தண்டவாளங்களுக்கும் வண்டிகளுக்கும் ஈடு செய்வதே அத்தொகையின் நோக்கம். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட இரும்புக்கு உரிமையாளர் இருந்தார். அவ்விரும்பைச் சுமந்து சென்று பதித்த தோளுக்கு உரிமை கோருவார் இல்லை. மலாயாவில் அமைக்கப்பட்ட போர்ச்சேத ஆணையமும் சொத்திழப்பையே கருத்திற்கொண்டது.

1951 செப்டம்பர் 8 அன்று கையெழுத்தான சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, நடுநிலை நாடுகளில் இருந்த ஜப்பானியச் சொத்துகளை அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவின் வழியே முன்னாள் போர்க்கைதிகளுக்குப் பகிர்ந்தளிக்க வகை செய்தது. ‘படைகளின் உறுப்பினராக இருந்து கைதியானவர்’ என்பது அப்பிரிவின் வரையறை. பறிமுதல் செய்யப்பட்ட ஜப்பானியச் சொத்திலிருந்து பிரிட்டிஷ் கைதி ஒருவர் பெற்றது 76 பவுன் அளவே. அது மிகச் சிறு தொகை என்று அவர்கள் ஐம்பதாண்டுகள் முறையிட்டனர்; அம்முறையீடு நியாயமானதே. ஆயினும் அவர்களுக்கு அருகிலேயே அதே மண்ணைத் தோண்டிய தமிழருக்கு அவ்வரையறையில் பெயரே இல்லை. அவர் படைவீரரல்லர், ஆதலால் போர்க்கைதியல்லர். முள்வேலி முகாமில் அடைக்கப்பட்ட ஐரோப்பியக் குடிமகனுமல்லர். ஜப்பானியர் கணக்கில் அவர் கூலிக்கு வந்தவர். சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் பிரிட்டனே கையெழுத்திட்டது. இந்தியா அம்மாநாட்டில் கலந்துகொள்ளாமல் 1952 ஜூன் 9 அன்று ஜப்பானுடன் தனி உடன்படிக்கை செய்துகொண்டு, இழப்பீட்டுக் கோரிக்கைகள் அனைத்தையும் கைவிட்டது. அது பெருந்தன்மையான செயல் என்று இன்றும் பாராட்டப்படுகிறது. கைவிடப்பட்டவற்றுள் யாருடைய கால் இருந்தது என்று அன்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சிங்கப்பூரில் இவ்வினா 1962-இல் மண்ணுக்குள்ளிருந்து எழுந்தது. சிக்லாப் பகுதியில் கூட்டுப் புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டதும் சீன வர்த்தக சங்கம் ‘இரத்தக்கடன்’ தீர்க்கப்பட வேண்டுமென்று இயக்கம் தொடங்கியது. 1963 ஆகஸ்ட் 25 அன்று பாடாங் திடலில் ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் திரண்டனர். சீனமொழியின் அச்சொல்லும் நம் உதிரப்பட்டியும் கருத்தளவில் ஒரு தாய்ப் பிள்ளைகளே. 1966 அக்டோபரில் ஜப்பான் 50 மில்லியன் வெள்ளி தர இசைந்தது. அதிற் பாதி கொடை, பாதி கடன். மலேசியாவுக்கு 1967-இல் 25 மில்லியன் வெள்ளி மதிப்பில் கப்பல்கள் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. பணம் அரசுக்குச் சென்றது. தனிமனிதருக்கு அதிற் பங்கில்லை. 1967 பிப்ரவரி 15 அன்று கடற்கரைச் சாலையில் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் நான்கு தூண்கள் நான்கு இனத்தாரையும் குறிப்பன. அது இறந்தவர்களுக்குரியது; இறந்தோர்க்கு அது தகும். உயிரோடிருந்த காயமுற்றவர் அரசுக் கணக்கிலும் சேரவில்லை, நினைவுத் தூணிலும் சேரவில்லை.

இராணுவம் இருந்தது, பதிவேடு?

தொழிலாளருக்கு வீரரென்ற பெயர் இல்லாதது தடையாயிற்று எனில், வீரரென்ற பெயர் பெற்ற தமிழரின் நிலை என்ன? 1942 பிப்ரவரி 17 அன்று, இன்றைய குட்டி இந்தியாவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய ஃபேரர் பார்க் திடலில், சரணடைந்த இந்திய வீரர் ஏறத்தாழ 45,000 பேர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் தொடக்கம் அது. 1943 ஜூலையில் கேத்தே அரங்கிலும் பாடாங்கிலும் சுபாஷ் சந்திர போஸ் ஆற்றிய உரைகளுக்குப்பின் பல்லாயிரம் பொதுமக்கள் சேர்ந்தனர். அவருள் பெரும்பகுதியினர் தமிழர். 1943 அக்டோபர் 22 அன்று வாட்டர்லூ சாலையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மறு ஆண்டு இம்பால் போரில் அந்த இராணுவம் பட்ட துன்பம் யாவரும் அறிந்ததே.

1945 ஜூலையில் போஸ் அடிக்கல் நாட்டிய எஸ்பிளனேட் நினைவுச்சின்னத்தைச் சில வாரங்களில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தனர். அந்த இராணுவம் சட்டத்தின் கண்ணில் இராணுவமே அன்று என்பதை அவ்வெடி அறிவித்தது. சட்டமுறையான இந்தியப் படையின் சிப்பாய்க்கு, பணியால் நேர்ந்ததோ பணியால் மிகுந்ததோ ஆன ஊனத்திற்கு ஓய்வூதியம் உண்டு. இம்பாலில் குண்டடிபட்ட தோட்டத்து இளைஞருக்கு எந்த அரசு ஓய்வூதிய அரசு?

1972 ஆகஸ்ட் 15 முதல் இந்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 1980-இல் அது புதிய பெயரில் விரிவாக்கப்பட்டது. அதன் தகுதிகளைக் கூர்ந்து நோக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதச் சிறைவாசம் என்பது முதன்மையான தகுதி. துப்பாக்கிச் சூட்டிலோ தடியடியிலோ நிரந்தரமாக ஊனமுற்றோருக்கும், பத்துப் பிரம்படித் தண்டனை பெற்றோருக்கும் அதில் இடமுண்டு. ஆக, அரசின் விதியேட்டில் தழும்பு ஓரளவு இடம்பெற்றுவிட்டது. ஆனால் முதுகைக் காட்டினால் போதாது. அடித்ததற்கான பதிவு வேண்டும். பதிவு அழிந்திருந்தால், அது கிடைக்கவில்லை என்று உரிய அலுவலகம் தரும் சான்றிதழும் உடன் சிறையிருந்தோரின் சான்றும் வேண்டும். ஆவணம் இல்லை என்பதற்கும் ஓர் ஆவணம் கேட்கும் இவ்வேற்பாடு, நச்செள்ளையாரின் முதியவளுக்கு விளங்கியிராது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1993-இல் முகுந்த்லால் பண்டாரி வழக்கிலும் 2001-இல் குர்தியால் சிங் வழக்கிலும் இத்திட்டத்தைத் தாராள மனத்துடன் அணுக வேண்டுமென்றது. குற்றவழக்கிற் போலக் கடுமையான மெய்ப்பிப்பு இங்குத் தேவையில்லை என்பது பின்னைய தீர்ப்பின் சாரம். எனினும் கடல்கடந்த தமிழருக்கு ஒரு தனி இடர் இருந்தது. பொதுமக்களாகச் சேர்ந்தோருள் பெரும்பாலோரைப் பிரிட்டிஷார் நெடுநாள் சிறைவைக்காமல் விடுவித்தனர். அன்று விடுதலை பெற்றதே பின்னாளில் சான்றின்மை ஆயிற்று.

மீண்டும் திறக்கப்பட்ட கதவுகள்

வகைப்பாட்டால் மூடப்பட்ட கதவு என்றுமே திறவாது என்பதும் இல்லை. ஜப்பானியரால் சிறைப்பட்டோருக்குத் தலைக்கு 10,000 பவுன் வழங்கப்போவதாகப் பிரிட்டன் 2000 நவம்பரில் அறிவித்தது. கூர்க்கா வீரர்கள் அன்று இந்தியப் படைச் சட்டத்திற்கு உட்பட்டிருந்தனர் என்று கூறி அவர்களை விலக்கியது. அவர்கள் வழக்கு தொடுத்து 2002-இல் வென்றனர். முகாமில் அடைக்கப்பட்ட குடிமக்களுக்கோ, அவர்களோ பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்ற ‘குருதித் தொடர்பு’ விதிக்கப்பட்டது. ஹாங்காங்கில் பிறந்த டயானா எலியாஸ் தொடுத்த வழக்கில் அவ்விதி மறைமுக இனப் பாகுபாடு என்று 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

நம் தமிழருக்கு மிக நெருங்கிய ஒப்புமை பிலிப்பீன்ஸ் வீரர்களுடையது. அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போரிட்ட அவர்களின் பணி பெரும்பாலான சலுகைகளைப் பொறுத்தமட்டில் படைப்பணியாகக் கருதப்படாது என்று 1946-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2009-இல்தான் குடியுரிமை பெற்றோருக்கு 15,000 டாலரும் பிறருக்கு 9,000 டாலரும் ஒருமுறை வழங்கப்பட்டன. அப்போதும் பழைய பட்டியல்களில் பெயர் காணப்படாதோர் மறுக்கப்பட்டு, மேல்முறையீடுகளில் அலைந்தனர். அவர்களுக்கு அலைவதற்காவது ஒரு நீதிமன்றம் இருந்தது. சயாமிலிருந்து மீண்ட தமிழரின் முறையீட்டை ஏற்கச் சட்டப்படி எந்த மன்றம் கடமைப்பட்டிருந்தது? போரை நடத்திய ஜப்பானா, காக்கத் தவறிய பிரிட்டனா, உரிமையைக் கைவிட்ட இந்தியாவா, அன்று பிறந்திராத சிங்கப்பூரா? தமிழர் முறையிடவில்லை என்பதைவிட, முறையிடுவதற்கு முகவரி இல்லை என்பதே பொருந்தும். எழுத்தறிவின்மையும் தோட்டத்து அச்சமும் இரண்டாம் நிலைக் காரணங்களே என்பது என் கருத்து.

சான்றுகளின் இன்றைய நிலை

சிங்கப்பூரின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979-இல் தொடங்கப்பட்டது. 1981 முதல் ஜப்பானிய ஆட்சிக் காலம் பற்றிய நேர்காணல்கள் பதிவாயின. அவை அரிய செல்வம். ஆனால் ஒலிநாடாவுக்குக் கண்ணில்லை. சாரத்தை உயர்த்திக் காலைக் காட்டுபவரின் செயல் அதில் மௌனமாகவே பதியும். மலேசியாவில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் இம்மௌனத்தைச் சிறிது நிரப்பின. நீதிமன்றம் ஏற்காத சாட்சியத்தைப் புனைகதை ஏற்றுக்கொண்டது எனலாம்.

கிராஞ்சியிலுள்ள போர் நினைவிடத்துச் சுவர்களில் 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. இந்தியப் படைவீரர் பலர் அவற்றுள் அடங்குவர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கற்கள் வரிசையாக நிற்கின்றன. தொழிலாளருக்கென அந்நகரில் 2023-இல் தமிழர் முயற்சியால் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. செங்கத்து நடுகல்லில் பட்டவனின் பெயரும் அவன் குடிக்கு விட்ட பட்டியும் பொறிக்கப்பட்டிருக்கும். இந்நடுகல் பெயரறியாப் பல்லாயிரவர்க்காக நிற்கிறது.

தழும்புடைய தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. இழப்பீடு கோரும் காலமும் அவர்களோடு போயிற்று. எஞ்சியிருப்பது பேரப்பிள்ளைகளின் நினைவு. நம் மாணவருள் பலர் அத்தகைய பேரப்பிள்ளைகளே. 278-ஆம் பாடலைக் கற்பிக்கும் வாரத்தில், வீட்டு முதியவரின் உடலில் என்ன அடையாளம் இருந்தது, எந்தக் காலில், முழங்காலுக்கு எவ்வளவு கீழே, மழைக்காலத்தில் அது வலித்ததா என்று அவர்கள் கேட்டு எழுதி வரலாம். எங்கள் காவலரின் தழும்பு இடக்காலில் இருந்தது.